கல்லறைக் கல்லில் என்ன எழுதுவது?

தெற்குக்காற்று:

வரும் நவம்பரோடு ஆச்சி போய் ஒரு வருஷம் ஆகிறது. 91 வயது, கல்யாணச் சாவு. கல்லறை கட்டி முடித்தாயிற்று, பெயர்க் கல் மட்டும்தான் பாக்கி. கல் வெட்டுபவர் இரண்டு தடவை போன் செய்துவிட்டார், "வாசகத்தைத் தாங்க சார், கிரானைட் வந்து கிடக்கு" என்று. அந்த வாசகத்தில்தான் வீடு மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது.

அம்மாவுக்கு "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்" என்று இருக்க வேண்டும். நாங்கள் தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ., திருநெல்வேலிப் பக்கம். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் பாதிக் கல் அப்படித்தான் சொல்கிறது. சித்தப்பா பத்து வருஷமாகப் பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறார். "என்ன நித்திரை? எங்கம்மா தூங்கவில்லை, ஆண்டவர் சமுகத்தில் முழித்துத்தான் இருக்கிறாள். மகிமைக்குள் பிரவேசித்தார் என்று போடு" என்கிறார். என் மனைவி ஆர்.சி. குடும்பம். அவள் சண்டைக்கே வரவில்லை. "கல்லில் எதை வேண்டுமானாலும் போடுங்கள். நவம்பர் 2, கல்லறைத் திருநாளுக்கு எங்கள் கோவிலில் ஆச்சிக்கு ஒரு பூசை எழுதி வைக்கட்டுமா?" என்று மட்டும் கேட்டாள். இதை அம்மாவிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

உண்மையில் என்னைக் குடைவது வேறு. அடக்கத்தன்று வீட்டில் ஜெபித்தபோது போதகர், "ஆச்சி இந்நேரம் பரலோகத்தில் தாத்தாவைப் பார்த்திருப்பார்கள்" என்றார். எல்லாரும் அழுதோம். ஒரு மணி நேரம் கழித்துக் கல்லறையில் மண் போடும்போது அதே போதகர், "கடைசி எக்காளம் தொனிக்கும் நாளில் எழுந்திருக்கும்படி" என்று வாசித்தார். போய்ச் சேர்ந்தாயிற்று என்றால் எக்காளம் எதற்கு? எக்காளத்துக்குக் காத்திருக்கிறாள் என்றால் தாத்தாவைப் பார்த்தது எப்படி?

கிண்டலுக்குக் கேட்கவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சுவடிப்பெட்டி:

வேதாகமக் கல்லூரி ஒன்றில் கொஞ்ச காலம் கிரேக்கம் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். உங்கள் போதகர் உளறவில்லை. அவர் சொன்ன இரண்டும் புதிய ஏற்பாட்டில் இருக்கின்றன. அவற்றை இணைத்துச் சொல்லாமல் விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதும்போது "தேகத்தைவிட்டுப் பிரிந்து, கிறிஸ்துவுடனேகூட இருக்க" ஆசை என்கிறார் (1:23). அதே பவுல் தெசலோனிக்கேயருக்கு எழுதும்போது மரித்தவர்களை "நித்திரையடைந்தவர்கள்" என்கிறார். அவர்கள் எக்காளம் தொனிக்கும்போது எழுந்திருப்பார்கள் (முதல் நிருபம், 4ஆம் அதிகாரம்). முதல் வசனத்தைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார், இரண்டாவதை அம்மா.

ஆனால் ஆதிச் சபையில் இந்த இரண்டும் சம எடையில் இருக்கவில்லை. அவர்களுடைய பெரிய நம்பிக்கை ஆத்துமா மேலே பறந்து போவதில் இல்லை, உடம்பு எழுந்து வருவதில் இருந்தது. விசுவாசப் பிரமாணத்தை ஞாயிறுதோறும் சொல்கிறோமே, அதில் "செத்தபின் பரலோகம் போவேன்" என்று எங்காவது வருகிறதா? "சரீரம் உயிர்த்தெழுதலும், நித்திய ஜீவனும் உண்டென்று விசுவாசிக்கிறேன்" என்றுதான் முடிகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி இரண்டு அதிகாரங்களைப் பாருங்கள். மனிதர்கள் மேலே ஏறிப் போவதாக இல்லை, புதிய எருசலேம் கீழே இறங்கி வருகிறது. நடுவில் இருக்கும் காலத்தில் கர்த்தரோடு இருப்பது ஒரு தங்கல். உயிர்த்தெழுதல்தான் ஊர் போய்ச் சேர்வது. இப்போதைய அடக்க ஆராதனைகளில் தங்கலைப் பற்றியே பேசிப் பேசி ஊரை மறந்துவிட்டார்கள் என்பது என் வருத்தம்.

இன்னொன்று. கல்லறைத் தோட்டத்துக்கு ஆங்கிலேயர் சொல்லும் "செமிட்டரி" கிரேக்கத்தில் "கொய்மேத்தேரியோன்". தூங்கும் இடம் என்று பொருள், சத்திரத்துப் படுக்கை அறை மாதிரி. புறச்சமயத்தார் "செத்தவர்களின் ஊர்" என்ற பொருளில் "நெக்ரோபோலிஸ்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கிறிஸ்தவர்கள் இந்தச் சொல்லைத் தங்கள் கல்லறைகளுக்கு எடுத்துக்கொண்டார்கள். உங்கள் அம்மா கேட்கும் வாசகத்துக்கு வயது அதிகம்.

ஏழாம்நாள்:

சுவடிப்பெட்டி ஐயா முக்கால் தூரம் வந்துவிட்டு நின்றுவிட்டார். நான் அட்வென்டிஸ்ட், சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரிக்கும் சபை. எங்களுக்கு இதில் குழப்பமே கிடையாது. "மரித்தவர்கள் ஒன்றும் அறியார்கள்" (பிரசங்கி 9:5). ஆதியாகமம் 2:7இல் மனுஷன் ஜீவாத்துமா "ஆனான்". ஓர் ஆத்துமாவை வாங்கி உள்ளே வைத்துக்கொண்டதாக அங்கே இல்லை. உடம்பு தனி, அழியாத ஆத்துமா தனி என்பது கிரேக்கர்கள் கொடுத்த சரக்கு. லாசருவைப் பற்றி இயேசு "நித்திரையடைந்திருக்கிறான்" என்றார். நாலு நாள் கழித்து எழுந்து வந்த லாசரு, மேலே என்ன பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொன்னதாக யோவான் எழுதவில்லை. பார்த்திருந்தால் சும்மா இருப்பாரா?

ஆச்சி தூங்குகிறார்கள். கண் மூடியதற்கும் எக்காளத்துக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு நொடிகூடத் தெரியாது. இராத்திரி நன்றாகத் தூங்கியவருக்கு விடியும்போது எப்படியோ அப்படி. இதில் பயப்பட ஒன்றுமில்லை.

சபைச் சீர்திருத்தம் தொடங்கிய லூத்தரே பல இடங்களில் இப்படித்தான் பேசினார். இன்னொரு சீர்திருத்தத் தலைவரான கால்வினுக்கு அது பிடிக்காமல் ஆத்தும நித்திரைக்கு எதிராகத் தனிப் புத்தகமே எழுதினார், 1542இல் அச்சானது. ஆக, இது எங்கள் சபை நேற்று கண்டுபிடித்தது இல்லை.

கூரைப்பந்தல்:

ஏழாம்நாள் சகோதரருக்கு: லூக்கா 23:43. சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்". இன்றைக்கு! இரண்டாயிரம் வருஷம் தூங்கிவிட்டு வா என்று ஆண்டவர் சொல்லவில்லை. நான் சித்தப்பா கட்சி.

ஏழாம்நாள்:

இந்த வசனம் வரும் என்று தெரியும் :) பழைய கிரேக்கக் கையெழுத்துப் படிகளில் காற்புள்ளி கிடையாது, சொற்களுக்கு நடுவே இடைவெளியும் இல்லை. "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன் இன்று, நீ என்னோடு பரதீசில் இருப்பாய்" என்றும் படிக்கலாம். சொல்வது இன்று, இருப்பது பிறகு. அன்றைக்கு இயேசுவே பரதீசுக்குப் போகவில்லை. உயிர்த்த ஞாயிறு காலையில் மகதலேனா மரியாளிடம், தான் இன்னும் பிதாவினிடத்திற்கு ஏறிப்போகவில்லை என்கிறாரே.

சுவடிப்பெட்டி:

கிரேக்கத்தில் அப்படிப் படிக்க இலக்கணம் இடம் கொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் சுவிசேஷங்களில் "மெய்யாகவே உனக்குச் சொல்லுகிறேன்" என்பது இயேசுவின் வாடிக்கையான தொடக்கம். அத்தனை இடங்களில் ஒன்றில்கூட "சொல்லுகிறேன்" என்பதோடு அவர் நாளைச் சேர்த்ததில்லை. மாற்கு 14:30இல், பேதுரு மறுதலிக்கப்போவதைச் சொல்லும்போது, "இன்று" என்ற அதே சொல் வருகிறது. அங்கே அது சொல்லப்படும் செய்திக்குள்தான் இருக்கிறது. அதனால் காற்புள்ளி "இன்று" என்பதற்கு முன்னால் என்பதுதான் என் கட்சி.

தமிழில் இந்தச் சண்டைக்கே வழியில்லை என்பதைக் கவனித்தீர்களா? கிரேக்கத்தில் அந்தச் சொல் நடுவில் நின்று இரண்டு பக்கமும் பார்க்கிறது. தமிழில் "என்று" வந்து வேலி போட்டுவிடும். "இன்றைக்கு" வேலிக்கு உள்ளேயா வெளியேயா என்று மொழிபெயர்ப்பவர் முடிவு செய்தே ஆக வேண்டும். பழைய மொழிபெயர்ப்பு உள்ளே வைத்தது. கத்தோலிக்கரும் மற்றவர்களும் சேர்ந்து 1995இல் கொண்டுவந்த திருவிவிலியமும் உள்ளேதான் வைத்தது. "பரதீசு" மட்டும் அதில் "பேரின்ப வீடு" ஆகிவிட்டது. பரதீசு மூலத்தில் பாரசீகச் சொல், சுற்றுச்சுவர் வைத்த தோட்டம். "வீடு" என்று போட்டதும் தோட்டம் போய்விட்டது. ஆனால் வேறொன்று வந்திருக்கிறது. அதை யாராவது சைவர் சொன்னால் நன்றாக இருக்கும்.

பக்கத்து வீட்டுக்காரன்:

கூப்பிட்டீர்களா? சைவன்தான், இந்த இழையை முதலிலிருந்து படித்துக்கொண்டிருக்கிறேன்.

அறம், பொருள், இன்பம், வீடு. வீடு என்றால் விடுதலை. பிறப்புச் சங்கிலியிலிருந்து விடுபடுவது. மோட்சமும் அதே பொருள்தான். எனக்கு நெடுநாளாக ஒரு வேடிக்கை. மறுபிறப்பே கிடையாது என்று சொல்லும் மதம், மறுபிறப்பு இருந்தால் மட்டுமே பொருள்படும் சொல்லைத் தன் சொர்க்கத்துக்குப் பெயராக வைத்துக்கொண்டது. எதிலிருந்து விடுதலை என்று கேட்டால் பாவத்திலிருந்து என்பீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன்.

நரகம் இன்னும் சுவாரசியம். எங்கள் புராணங்களில் நரகம் நிரந்தரக் குடியிருப்பு இல்லை. வினை தீரும்வரை கிடந்து, அப்புறம் மறுபடி பிறக்க வேண்டியதுதான். வள்ளுவர் "அளறு" என்பார், சேறு என்று பொருள். அங்கேயும் ஏழு பிறப்பும் அழுந்தும் அளறு என்று பிறவிக் கணக்கு ஒன்று வருகிறது. உங்கள் நரகத்துக்கு வெளியே வரும் வாசல் இல்லை. சொல் எங்களுடையது, தண்டனைக் காலம் உங்களுடையது.

எங்கள் நரகத்துக்கு உங்களிடம் சரியான ஜோடி, ஆர்.சி.காரர்கள் சொல்லும் உத்தரிக்கிற ஸ்தலம்தான் என்று நினைக்கிறேன். கொஞ்ச காலம், வலி, தீர்வு, வெளியே. சரியா?

மெழுகுவர்த்தி:

பாதி சரி. வெளியே வந்தபின் மறுபிறப்பு இல்லை, நேரே மோட்சம்தான். உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் எவரும் நரகத்துக்குப் போக மாட்டார். அது மோட்சத்தின் முன்வாசல், கைகால் கழுவிக்கொண்டு உள்ளே போகும் இடம். பலர் இதை அரை நரகம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் பழைய ஆட்களும் அப்படித்தான் பயமுறுத்துவார்கள்.

சின்ன வயதில் ஞானோபதேசத்தில் மனிதனுடைய கடைசி நான்கு என்று படித்தோம்: சாவு, தீர்வை, மோட்சம், நரகம். தீர்வை இரண்டு. சாகும்போது ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, உலக முடிவில் எல்லாருக்கும் பொதுத்தீர்வை. தெற்குக்காற்று கேட்டதற்கு எங்கள் பதில் இதுதான். ஆச்சியின் ஆன்மாவுக்குத் தீர்ப்பு முடிந்துவிட்டது. உடம்பு கடைசி நாளில் வந்து சேரும்.

பூசை விஷயம். இது 12ஆம் நூற்றாண்டில் சாமியார்கள் காசு பார்க்கக் கண்டுபிடித்தது என்று யாராவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். உத்தரிக்கிற ஸ்தலத்துக்கு லத்தீனில் "புர்கத்தோரியும்" என்ற பெயர்ச்சொல் நிலைத்தது அந்த நூற்றாண்டில்தான். ஆயர்கள் கூடிய பொதுச் சங்கங்களில், லியோன் சங்கம் 1274இலும் புளோரன்ஸ் சங்கம் 1439இலும் திரிதெந்து சங்கம் 1563இலும் அதைப் பற்றிப் பேசின. ஆனால் இறந்தவர்களுக்காக மன்றாடுவது அதற்கெல்லாம் வெகு காலம் முந்தியது. மக்கபேயர் இரண்டாம் நூல் 12ஆம் அதிகாரத்தில் யூதர்களின் படைத்தலைவர் யூதா, போரில் இறந்த வீரர்களின் பாவத்துக்காகப் பலி கொடுக்க ஏறக்குறைய 2000 வெள்ளிக்காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்புகிறார். அவர்கள் உயிர்த்தெழுவார்கள் என்று நம்பியதால்தான் அனுப்பினார் என்று அந்த நூலே சொல்கிறது. உங்கள் பைபிளில் அந்த நூல் இல்லை, தெரியும். ஆனால் கிறிஸ்துவுக்கு முன்பே யூதர்கள் சிலருக்கு இந்தப் பழக்கம் இருந்ததற்கு அது சாட்சி.

கீழைச் சபைக்காரர்களை, அதாவது ஆர்த்தடாக்ஸ்காரர்களைப் பாருங்கள். அவர்கள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஒப்புக்கொள்வதில்லை. புளோரன்சில் எபேசு நகர ஆயர் மாற்கு கையெழுத்துப் போடவே மறுத்துவிட்டார். ஆனாலும் அவர்கள் இறந்தவர்களுக்காக 40ஆம் நாள் மன்றாடுகிறார்கள். தெரியாத ஒன்றுக்கு வரைபடம் போட வேண்டாம், மன்றாடினால் போதும் என்பது அவர்கள் வழி.

தெற்குக்காற்று:

நன்றி. எங்கள் பக்கத்தில் இதைப் பற்றி என்ன இருக்கிறது என்று தேடினேன். எங்கள் சபைக்கு ஒரு வேரான இங்கிலாந்து சபையின் 39 கோட்பாட்டுப் பிரமாணங்களில் 22ஆவது: உத்தரிக்கிற ஸ்தலம் வேதத்தில் ஆதாரமில்லாத வீண் கற்பனை. அம்மாவிடம் பூசை என்று வாயெடுத்தால் என்ன நடக்கும் என்று தெரிந்துவிட்டது.

மெழுகுவர்த்தி:

பாவமன்னிப்புச் சீட்டு என்று 1517இல் நடந்த வியாபாரத்தைப் பார்த்த யாரும் அப்படித்தான் எழுதுவார்கள். ரோமில் பேதுரு பேராலயம் கட்ட ஜெர்மனியில் வசூல். அதில் எங்கள் ஆட்களுக்குச் சப்பைக்கட்டு கட்ட மாட்டேன்.

ஆனால் இப்போதைய விளக்கத்தைப் படித்துப் பாருங்கள். போப்பாண்டவர் 16ஆம் பெனடிக்ட் 2007இல் எழுதிய சுற்றுமடலில், எரிக்கவும் காப்பாற்றவும் செய்யும் அந்த நெருப்பு கிறிஸ்துவேதான் என்று சில இறையியலாளர்கள் கருதுவதை எடுத்துப் பேசுகிறார். அவரை நேருக்கு நேர் பார்ப்பதே சுத்திகரிப்பு. இத்தனை வருஷம், இத்தனை நாள் என்ற கணக்கெல்லாம் அங்கே செல்லாது. இதை உங்கள் போதகரிடம் காட்டினால் அவ்வளவாகக் கோபப்பட மாட்டார் என்று நினைக்கிறேன்.

சும்மாவந்தேன்:

எல்லாரும் மோட்சத்துக்கும் தூக்கத்துக்கும் நடுவே பட்டிமன்றம் நடத்துகிறீர்கள். நரகத்தைத் தொடவே இல்லை. மதம் ஓடுவதே அந்தப் பயத்தில்தானே? என்றென்றைக்கும் எரியும் நெருப்பு. எழுபது வருஷத் தப்புக்கு முடிவில்லாத தண்டனை. எந்தக் கோர்ட்டில் இது செல்லும்?

அப்புறம், அந்த நெருப்பே எருசலேமுக்கு வெளியே இருந்த குப்பைக் கிடங்குதான் என்று படித்திருக்கிறேன்.

சுவடிப்பெட்டி:

குப்பைக் கிடங்கு கதை பிரசங்கங்களில் ஓயாமல் வரும். நானும் வகுப்பில் ஒரு காலத்தில் சொன்னேன், அப்புறம் நிறுத்திவிட்டேன். அதற்குக் கிடைக்கும் பழைய எழுத்து, கி.பி. 1200ஐ ஒட்டி வாழ்ந்த தாவீது கிம்கி என்ற யூத உரையாசிரியருடையது. இயேசு காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல் பிந்தியது. அகழாய்விலும் அப்படி எரிந்துகொண்டே இருந்த கிடங்குக்குச் சான்று இல்லை.

பள்ளத்தாக்கு உண்மை. இன்னோம் பள்ளத்தாக்கு, எபிரேயத்தில் "கே-இன்னோம்", அதுதான் கிரேக்கத்தில் "கெஹென்னா". எருசலேமின் தெற்குப் பக்கம் இன்றைக்கும் இருக்கிறது, நடந்து போய்ப் பார்க்கலாம். அங்கே பிள்ளைகளைத் தீயில் பலி கொடுத்தார்கள் என்று எரேமியா 7ஆம் அதிகாரம் சொல்கிறது. யோசியா ராஜா அந்த இடத்தைத் தீட்டுப்படுத்தினான் (2 இராஜாக்கள் 23:10). பெற்ற பிள்ளையை நெருப்பில் போட்ட இடம். இயேசு பேசியதைக் கேட்டவர்களுக்கு அந்தப் பெயர் போதும், குப்பை தேவையில்லை.

புதிய ஏற்பாட்டில் கெஹென்னா 12 முறை வருகிறது. ஒன்று யாக்கோபு நிருபத்தில், மீதி 11ம் இயேசுவின் வாயில். "அன்பே உருவான இயேசு, நரகத்தைக் கண்டுபிடித்தது பவுல்" என்பவர்கள் இதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். பவுலின் நிருபங்களில் அந்தச் சொல்லே இல்லை.

பழைய ஏற்பாட்டில் வரும் "ஷியோல்" முற்றிலும் வேறு. நல்லவன், கெட்டவன், ராஜா, அடிமை எல்லாரும் போய்ச் சேரும் இருட்டு. தண்டனை இல்லை, பரிசும் இல்லை. கிரேக்கத்தில் அதை "ஹாதேஸ்" என்றார்கள். பழைய ஆங்கில பைபிளான ஜேம்ஸ் ராஜா மொழிபெயர்ப்பு ஹாதேஸ், கெஹென்னா இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சொல்லைப் போட்டு இங்கிலீஷ்காரர்களை நானூறு வருஷம் குழப்பியது. நம் பழைய மொழிபெயர்ப்பு பெரும்பாலான இடங்களில் ஹாதேசைப் பாதாளம் என்றும் கெஹென்னாவை நரகம் என்றும் பிரித்துக் கொடுத்துவிட்டது. "பாதாளமே! உன் ஜெயம் எங்கே?" என்பதை "நரகமே" என்று யாரும் பாடுவதில்லை. விசுவாசப் பிரமாணத்தில் கிறிஸ்து "பாதாளத்தில் இறங்கினார்" என்றுதான் சொல்கிறோம். அந்தப் பழைய பண்டிதர்களுக்கு ஒரு கும்பிடு.

ஏழாம்நாள்:

சும்மாவந்தேன் கேட்ட கோர்ட் கேள்விக்கு எங்கள் பதில்: முடிவில்லாத வதை கிடையாது. நெருப்பு எரிக்கும், எரித்து முடிக்கும். பாவத்தின் சம்பளம் மரணம் என்று பவுல் சொல்கிறார், நித்திய சித்திரவதை என்று சொல்லவில்லை. வெளிப்படுத்தல் 20இல் மரணமும் பாதாளமும்கூட அக்கினிக்கடலில் தள்ளப்படுகின்றன. மரணத்தைப் போய் யார் வதைக்க முடியும்? ஒழித்துக்கட்டுவது என்றுதானே பொருள்? ஆங்கிலிக்கன் போதகரும் எழுத்தாளருமான ஜான் ஸ்டாட்கூட 1988இல், இந்தப் பக்கம் சாய்வதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

கூரைப்பந்தல்:

மத்தேயு 25:46. நித்திய ஆக்கினை, நித்திய ஜீவன். ஒரே வசனம், ஒரே சொல். ஜீவன் முடியாதது என்றால் ஆக்கினையும் முடியாததுதான். நரகத்தைத் தண்ணீர் விட்டு அணைத்துவிட்டால் சிலுவை எதற்கு?

நெல்லிக்காய்:

நான் இங்கே படிப்பதோடு சரி, எழுதியதில்லை.

எங்கள் பெரிய மாமா 1970களில் தற்கொலை செய்துகொண்டார். கடன் தொல்லை. நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் பங்கில் பூசை வைக்க மறுத்துவிட்டார்கள். கல்லறைத் தோட்டத்துக்குள் இடம் தரவில்லை. மதிலுக்கு வெளியே, உடைமரங்களுக்கு நடுவே புதைத்தோம். மணியும் அடிக்கவில்லை. எங்கள் பாட்டி அதன்பின் முப்பது வருஷம் இருந்தாள். கல்லறைத் திருநாளுக்கு ஊரே உள்ளே பூவும் மெழுகுவர்த்தியுமாக ஜொலிக்கும். அவள் மட்டும் வெளியே போய் ஒற்றை மெழுகுவர்த்தி வைப்பாள், காற்றில் அணைந்துகொண்டே இருக்கும்.

அவள் ஜெபமாலை சொல்லும்போது மாலையின் ஒவ்வொரு பத்து மணிகளுக்குப் பிறகும் "எங்களை நரக நெருப்பிலிருந்து காப்பாற்றும்" வரும். அந்த இடத்தில் அவள் குரல் நின்றுவிடும். நாங்கள் மற்றவர்கள் சொல்லி முடிப்போம்.

நித்தியமா, கொஞ்ச காலமா, எரித்து முடிக்குமா என்று நீங்கள் எழுதுவதையெல்லாம் படித்தேன். உங்களுக்குத் தெரிந்திருந்தால் ஒன்று சொல்லுங்கள். மாமா எங்கே?

மெழுகுவர்த்தி:

அக்கா, இதற்கு உடனே எழுதக் கை வரவில்லை. ஒரு நாள் கழித்து எழுதுகிறேன்.

அன்றைக்கு நடந்தது 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பின்படி. அதில்கூட, சுயநினைவோடு செய்தவர்களுக்குத்தான் தடை. கடனில் நொறுங்கிப்போன மனிதனுக்கு விலக்குக் கொடுக்க வழி இருந்தது. கொடுக்க மனசில்லை. 1983இல் வந்த புதிய தொகுப்பில் அடக்கம் மறுக்கப்பட வேண்டியவர்கள் பட்டியலிலிருந்து தற்கொலையை எடுத்தேவிட்டார்கள். 1992இல் வந்த மறைக்கல்வி நூல், தங்கள் உயிரைத் தாங்களே மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது, கடவுள் தாம் மட்டுமே அறிந்த வழிகளில் அவர்களுக்கு மனம் திரும்ப வாய்ப்புத் தர முடியும் என்கிறது. அவர்களுக்காகத் திருச்சபை மன்றாடுகிறது என்றும் அதே இடத்தில் இருக்கிறது.

இன்னொன்றும் இருக்கிறது. திருச்சபை ஆயிரக்கணக்கானவர்களைப் புனிதர்கள் என்று அறிவித்திருக்கிறது. இன்னார் நரகத்தில் இருக்கிறார் என்று ஒருவரைப் பற்றியும் இதுவரை அறிவித்ததில்லை. யூதாசைப் பற்றிக்கூட.

உங்கள் பாட்டி நிறுத்திய அந்த ஜெபத்தின் கடைசி வரி, "உமது இரக்கம் யாருக்கு அதிகம் தேவையோ" என்று வரும். அதை அவர் சொல்லியிருந்திருப்பார்.

நெல்லிக்காய்:

சொல்வாள். அந்த வரியில் குரல் திரும்பி வரும்.

கூரைப்பந்தல்:

அக்கா, நான் மேலே எழுதியது உங்களை நினைத்து எழுதியதல்ல. அணைப்பது, எரிப்பது என்று கொஞ்சம் லேசாக எழுதிவிட்டேன். எங்கள் சபையிலும் போன வருஷம் ஒரு பையன். எங்கள் பாஸ்டர் அடக்கத்தில் நரகம் என்ற சொல்லையே எடுக்கவில்லை, சங்கீதம் 139 மட்டும் வாசித்தார். "நான் பாதாளத்தில் படுக்கை போட்டாலும், நீர் அங்கேயும் இருக்கிறீர்."

சும்மாவந்தேன்:

நானும் கோர்ட் பேச்சை வாபஸ் வாங்குகிறேன். கேள்வியை வாபஸ் வாங்கவில்லை.

சுவடிப்பெட்டி:

வாங்கவும் வேண்டாம். சபைக்குள்ளேயே ஆதியிலிருந்து கேட்கப்பட்ட கேள்விதான் அது. ஆதிச் சபை ஆசிரியரான ஓரிகேனும் அவருக்குப் பின் நிசா நகர ஆயர் கிரெகோரியும், கடைசியில் எல்லாரும் திரும்ப வந்து சேருவார்கள் என்று எதிர்பார்த்தார்கள். 553இல் கொன்ஸ்தாந்திநோபிளில் கூடிய சங்கத்தின் பெயரில் ஓரிகேனின் கருத்துகளுக்குச் சாபம் விழுந்தது. கிரெகோரியைப் புனிதர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள்! அகுஸ்தீன் எதிர்ப்பக்கம் நின்று நித்திய தண்டனைக்காக வாதாடினார், மேற்கே அவர் குரல்தான் ஓங்கியது. போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1999இல் ஒரு புதன்கிழமைப் பேச்சில், நரகம் ஓர் இடம் என்பதைவிட, கடவுளைத் தாங்களாகவே விட்டு விலகியவர்களின் நிலை என்றார். பூட்டு உள்பக்கமா வெளிப்பக்கமா என்பதுதான் கேள்வி என்றால், அவர் உள்பக்கம் என்கிறார்.

மட்டுறுத்துனர்:

இழை நன்றாகப் போகிறது. இரகசிய வருகை, 666, மிருகத்தின் முத்திரை பற்றி வந்த நான்கு பதிவுகளை வேறு இழைக்கு மாற்றியிருக்கிறேன். தெற்குக்காற்று, கல் என்ன ஆயிற்று?

தெற்குக்காற்று:

சொல்கிறேன். மூன்று வாரமாக இதைப் படித்துப் படித்து வீட்டிலும் பேசினேன். நெல்லிக்காய் அக்காவின் பதிவை மனைவிக்கு வாசித்துக் காட்டினேன். பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அம்மாவும் கேட்டாள். ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சாப்பிடும்போது அவளாகவே, "நவம்பர் ரெண்டாந்தேதி பூசை எத்தனை மணிக்கு?" என்று மருமகளிடம் கேட்டாள். நான் தட்டை விட்டு நிமிரவில்லை. 22ஆவது பிரமாணத்தை யாரும் எடுக்கவில்லை.

சித்தப்பாவிடம் பிலிப்பியரையும் தெசலோனிக்கேயரையும் சேர்த்துக் காட்டினேன். தங்கல், ஊர் என்ற உவமையை என்னுடையது போல எடுத்து விட்டேன் (மன்னிக்கவும் சுவடிப்பெட்டி ஐயா). அவர் "சரி, அண்ணி விருப்பம்" என்றார். ஆனால் கீழே ஒரு வசனம் தன் செலவில் வேண்டுமாம்.

இன்று கல் வெட்டுபவரிடம் கொடுத்தது: பெயர், பிறப்பு, இறப்பு, "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". அதன் கீழே சித்தப்பாவின் வசனம், யோவான் 11:25. "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன், என்னை விசுவாசிக்கிறவன் மரித்தாலும் பிழைப்பான்." எழுத்துக்கு இவ்வளவு என்று கணக்கு. "இடம் பத்தாது சார், எழுத்தைச் சின்னதா வெட்டணும்" என்றார். வெட்டுங்கள் என்றேன்.

ஏழாம்நாள்:

நித்திரை ஜெயித்தது, மகிழ்ச்சி. வசனத்தில் "ஜீவனுமாயிருக்கிறேன்" என்பதற்குப் பின்னால் காற்புள்ளியை எங்கே போடுகிறார் என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கல்லில் விழுந்துவிட்டால் அதற்கு இன்னொரு இழை திறக்க வேண்டியிருக்கும்.